பைனாகுலர் சம்பூர்ணம்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களிடம் போய் சம்பூர்ணத்தைத் தெரியுமா என்று கேட்டால், எந்தச் சம்பூர்ணம் என்பார்கள். பைனாகுலர் சம்பூர்ணம் என்று சொன்னால் முகம் மலர்ந்து, உட்காருங்க என்று நாற்காலி இழுத்துப் போடுவார்கள். அந்தப் பெயர் கேலியாக வைத்த பெயர்தான். பின்னால் அதுவே மரியாதையாகிப் போனது.

மாதனூர்ப் பக்கத்துப் பெண். கணவர் பரந்தாமன் ஜோலார்பேட்டை ரயில்வே யார்டில் வேலை. தோலைப் பாதி பதனிட்டு அப்படியே கப்பலேற்றிக்கொண்டிருந்த முதலாளிகள், எழுபதுகளின் நடுவில் ஷூவின் மேல்பாகமாகவே தைத்து அனுப்பத் தொடங்கினார்கள். அதற்கு மெஷினில் உட்காரப் பெண்கள் வேண்டியிருந்தது. அப்படி எழுபத்தைந்தில் உள்ளே போனவள் சம்பூர்ணம். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அப்போது மேனேஜராக இருந்தவர் இன்று பேரன் பேத்தி எடுத்து சாதுவாக இருக்கிறார், அவர் நிம்மதியை நாம் ஏன் கெடுக்க வேண்டும்.

ஒரு பெரிய ஹால், அறுபத்து நான்கு மெஷின், அறுபத்து நான்கு பெண்கள். ஆளுக்கு நாளைக்கு அறுபது ஜோடி தைக்க வேண்டும். அதுதான் டார்கெட். சுவரில் ஒரு கறுப்பு போர்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து அறுபது வராதவளை மெஷினை விட்டு எழுப்பி டேபிளுக்கு அனுப்பிவிடுவார்கள். டேபிள் என்றால் நின்றுகொண்டே பசை தடவுவது, பிசிறு நூல் வெட்டுவது. அந்தப் பசை நெடி வீட்டுக்குக் கூட வரும், சோற்றில்கூட இருக்கும். சூப்பர்வைசர் அதை, உனக்கு ரெஸ்ட் குடுக்கறேன் என்று சொல்லி அனுப்புவார். ரெஸ்ட் வாங்கியவள் யாரும் மறுபடி மெஷினுக்கு வந்ததில்லை.

எண்பத்தொன்றில் சம்பூர்ணத்துக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு நாள் ஊசிக் காது மங்கலாகத் தெரிந்தது. மறுநாள் அது இருக்கிற இடமே தெரியவில்லை. கையில் பிடிக்கிற ஊசியாக இருந்தால் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கோத்துவிடலாம். மெஷின் ஊசி மெஷினோடுதான் இருக்கும். தலையைத்தான் பின்னால் இழுக்க வேண்டும், தலையை இழுத்தால் கை எட்டாது. நாற்பது வயது நெருங்குகிற எல்லோருக்கும் வருவதுதான். ஒரு சாதாரண மூக்குக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த ஹாலில் எவளும் கண்ணாடி போட்டு வரமாட்டாள். கண்ணாடி போட்டாள் என்றால் கண் போய்விட்டது என்று அர்த்தம். கண் போனவளுக்கு ரெஸ்ட்.

அதனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நூல் அறுந்துவிட்டால் கத்திரிக்கோலால் மெஷின் மேஜையில் இரண்டு தட்டு. பக்கத்தில் கண் தெரிகிறவள் எட்டி ஊசியைக் கோத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புவாள். நாலு நொடி வேலை. சூப்பர்வைசர் அந்தத் தட்டலை ஆயிரம் தடவை கேட்டிருப்பார், ஒரு தடவையும் என்னவென்று யோசித்ததில்லை. சம்பூர்ணத்துக்குக் கோத்துக் கொடுத்தவள் பக்கத்து மெஷின் செல்லம்மாள். முப்பது வயதுக்காரி, பருந்துக் கண். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள், வாயும் கொஞ்சம் நீளம்.

அந்தச் செல்லம்மாள் ஒரு முறை ஆலங்காயத்தில் தங்கை கல்யாணம் என்று மூன்று நாள் லீவு போட்டாள். சம்பூர்ணம் முதல் நாளே பதினோரு ஜோடியைக் கெடுத்தாள், இரண்டாம் நாள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த கணவரின் கைக்கடிகாரத்தை வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்தார் பாஷாவின் வாட்ச் கடைக்குப் போனாள். சர்தார் பாஷா ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிய ஒரு கம்பியைச் சக்கரத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயது இருக்கும். சம்பூர்ணம் வந்த காரியத்தை மறந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதை ஒரு தடவை தாங்க பாய் என்று வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். தன் விரல் ரேகை வயல் வரப்பு மாதிரி தெரிந்தது. மெஷினில் வேலை செய்ய இது ஆகாது, மூக்கு ஊசியில் போய் முட்டும் என்று பாஷா சொன்னார். நாலு நாள் கழித்து வரச் சொன்னார். கம்மவான்பேட்டை மிலிட்டரிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஓட்டை பைனாகுலர் ஒன்று அவரிடம் கிடந்தது. அதன் முன்பக்கத்து இரண்டு லென்ஸையும் கழற்றி, ஒரு பழைய கண்ணாடி ஃபிரேமுக்கு முன்னால் பித்தளைக் கம்பியில் கட்டினார். முதலில் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. லென்ஸ் இரண்டையும் மூக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி நெருக்கி வைத்தார். ஒரு கட்டத்தில் இரண்டு ஊசி ஒரு ஊசியானது.

மறுநாள் காலையில் மெஷினில் உட்கார்ந்து அதை மாட்டியதும் சம்பூர்ணம் அழுதுவிட்டாள். ஊசிக் காது ஜன்னல் மாதிரி திறந்து கிடந்தது. தோலில் ஒவ்வொரு மயிர்க்காலும், ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. ஆறு வருஷமாகத் தைத்த தோலை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். கண் நன்றாக இருந்த இருபது வயதிலும் இவ்வளவு தெரிந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். போனது திரும்பி வரவில்லை, இது வேறு, புதுசு.

சூப்பர்வைசர் வந்து இது இன்னா கூத்து என்றார். சம்பூர்ணம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். கண் நல்லாத்தான் இருக்கிறது, தையல் இன்னும் நைசாக வரட்டும் என்று வாங்கினேன், இது மெஷினுக்கு மாட்டுகிற சாமான் மாதிரி என்றாள். மனிதர் மகிழ்ந்து போனார். இதில்தான் வேடிக்கை. கண்ணாடி போட்டால் கண் போனவள், எழுந்து போ. பூதக்கண்ணாடி போட்டால் கெட்டிக்காரி, உட்கார். இரண்டும் கண்ணாடிதானே என்று அந்த ஆளுக்கும் தோன்றவில்லை, சம்பூர்ணத்துக்கும் எடுத்துச் சொல்லத் துணிவில்லை. இரண்டு மாதத்தில் அவள் நாளைக்குத் தொண்ணூறு ஜோடி தைக்கத் தொடங்கினாள். பழுது என்று ஒரு ஜோடிகூடத் திரும்பி வரவில்லை. பைனாகுலர் என்ற பெயர் வந்தது அப்போதுதான். வைத்தவள் செல்லம்மாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. எண்பத்து மூன்றில் கம்பெனிக்கு ராமமூர்த்தி வந்தார். சின்ன வயசு, மெட்ராஸில் படித்தவர், கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச். அவருடைய வேலை டைம் ஸ்டடி. ஒரு ஜோடி தைக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளந்து, அதை வைத்துப் புது டார்கெட் போட வேண்டும். அவர் கற்ற முறைப்படி ஹாலிலேயே நன்றாகத் தைக்கிற ஆளை வைத்து அளப்பார்கள். யார் நன்றாகத் தைக்கிற ஆள் என்று கேட்டார். அறுபத்து மூன்று பேரும் சம்பூர்ணத்தைக் கை காட்டினார்கள். அதில் பெருமையும் இருந்தது, நம்ம ஹால் ஆள் என்ற பெருமை.

சம்பூர்ணம் அன்று தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எதற்கு அளக்கிறார்கள் என்பது அவள் தலையில் ஏறவில்லை. ஒரு படித்த பிள்ளை தனக்குப் பின்னால் நின்று தன் கையைப் பார்க்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. தொண்ணூற்றாறு ஜோடி தைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த வாரம் போர்டைத் துடைத்து எண்பத்தைந்து என்று எழுதினார்கள்.

ஹாலில் அவளோடு பேச்சு நின்றது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பாட்டு நேரத்தில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. எண்பத்தைந்து எட்டாத எல்லோரையும் எழுப்ப முடியாது என்று கடைசியில் இருந்தவர்களாகப் பார்த்து எழுப்பியதில், பதினைந்து நாளில் இரண்டு பேர் டேபிளுக்குப் போனார்கள், ஒருத்தி கங்கம்மாள், ஒருத்தி அக்தரி பேகம். இருவரும் எட்டு வருஷம் மெஷினில் இருந்தவர்கள். கங்கம்மாள் எழுந்து போகும்போது தன் மெஷினை ஒரு தடவை துணியால் துடைத்துவிட்டுப் போனாள். அதைச் சம்பூர்ணம் தன் லென்ஸ் வழியாக இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்தாள், அது மட்டும் மங்கலில்லாமல் தெரிந்தது.

செல்லம்மாள்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். பைப்படியில் கை கழுவும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"மாசக்கணக்குல நான்தான் உன் கண்ணா இருந்தேன்கா. உனக்குப் புதுக் கண்ணு வந்ததும் எங்க முதுகுல ஏறிக்கின."

சம்பூர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. பரந்தாமனிடம் சொன்னாள். நீ இன்னா திருடினியா, உன் கண்ணு, உன் கண்ணாடி, வெச்சிக்கினு தெச்ச என்றார் அவர். சர்தார் பாஷாவிடம் போனாள். அந்த மனிதர் கதையைக் கேட்டு ஆடிப்போய், கொண்டாம்மா, ஒடச்சிப் போட்டுடறேன் என்று கையை நீட்டினார். கொடுக்கலாம் என்று எடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இதை உடைத்தால் என்ன ஆகும்? அவள் டேபிளுக்குப் போவாள். போர்டில் எண்பத்தைந்து அப்படியே இருக்கும். தப்பு கண்ணாடியில் இல்லை, அது அளக்கிற இடத்தில் போய் உட்கார்ந்ததில் இருக்கிறது என்று அந்தக் கடை வாசலில்தான் அவளுக்கு விளங்கியது. அதைச் சரி செய்ய ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதற்கு அவள் தன் பொய்யை எல்லோர் முன்னாலும் அவிழ்க்க வேண்டும்.

மறுநாள் ராமமூர்த்தி மேஜைக்கு முன்னால் போய் நின்று, தன்னை மறுபடி ஒரு தடவை அளக்க வேண்டும், கண்ணாடி இல்லாமல் அளக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் ஏன் என்றார்.

"ஓட்டப் பந்தயத்துக்கு அளவு எடுத்தீங்க சார், சைக்கிள்ல வந்தவள வெச்சி எடுத்துட்டீங்க."

ராமமூர்த்திக்குச் சுருக்கென்றது. தன் அளவில் தப்பு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்போ நீங்க கண்ணாடி போட்டுத் தைக்கறது ஏமாத்து வேலைன்னு சொல்றீங்களா அம்மா என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். இரண்டு வாரமாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

"நடக்க முடியாதவ சைக்கிள்ல போறது ஏமாத்து இல்ல சார். அவ வேகத்த எழுதி வெச்சிக்கினு, நடக்கறவள ஏன் லேட்டுன்னு கேக்கறதுதான் ஏமாத்து."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். பிறகு அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தன் கண்ணில் மாட்டி மேஜைமேல் கிடந்த தோல் துண்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். சனிக்கிழமை அளக்கலாம், ஆனால் முழு ஷிப்ட்டும் வாட்சை நிறுத்த மாட்டேன், நூல் அறுந்தாலும் நிறுத்த மாட்டேன் என்றார். சம்பூர்ணம் சரியென்றாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கண்ணாடியைக் கழற்றிச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தாள். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்குக் கண்ணு தெரியல சார். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க கிட்ட பொய் சொன்னேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூப்பர்வைசர் முகம் கறுத்தது. ராமமூர்த்தி வாட்சை அழுத்தினார். சம்பூர்ணம் தைக்க ஆரம்பித்தாள். கை பழகிய கை, தோல் தானாக ஓடியது. ஒன்பதாவது ஜோடியில் நூல் அறுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் நூல் கோப்பதைக் கையால் செய்து காட்டித்தான் சொல்கிறார்கள். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி ஊசிக்குக் கொண்டுபோவாள். பக்கத்தில் போகும். மறுபடி முறுக்குவாள். மறுபடி பக்கத்தில். அறுபத்து மூன்று பேரும் சூப்பர்வைசரும் பார்க்க, ஹாலிலேயே கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் ஒரு ஊசிக் காதைக் கண்டுபிடிக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தாள். செல்லம்மாள் பாதி எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று சம்பூர்ணம் தலையை ஆட்டினாள். கடைசியில் நூல் ஏற நாலரை நிமிஷம் ஆனது. வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அவமானமாகத்தான் இருந்தது அவளுக்கு, கண்ணில் தண்ணீர் வேறு வந்து இருந்த பார்வையையும் மறைத்தது. ஆனாலும் கத்திரிக்கோலை அவள் தொடவில்லை.

மற்ற மெஷின்களும் மறுபடி ஓடத் தொடங்கின. சும்மா நின்றுகொண்டிருந்த ராமமூர்த்தியின் காதில் அப்போதுதான் அந்தச் சத்தம் விழுந்தது. எங்கோ பின்வரிசையில் மெஷின் மேஜையில் இரண்டு தட்டு. திரும்பினார். ஒருத்தி எழுந்து பக்கத்து மெஷின் ஊசியைக் கோத்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் கழித்து ஜன்னல் பக்கம் இரண்டு தட்டு. அங்கேயும் ஒருத்தி எட்டிக் கோத்தாள். படித்த பிள்ளைதான், ஆனால் பார்க்கத் தெரிந்த பிள்ளை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வாட்சை அவர் கையில் கொடுத்து, நீங்க நில்லுங்க என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் அந்த ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். இருபத்து மூன்று பேர் தங்கள் ஊசியைத் தாங்களே கோப்பதில்லை என்று தெரிந்தது. சம்பூர்ணம் அன்று முப்பத்து நான்கு ஜோடி தைத்திருந்தாள்.

ஒரே பெண், ஒரே மெஷின், ஒரே தோல். ஒரு தாளில் தொண்ணூற்றாறு, ஒரு தாளில் முப்பத்து நான்கு. இரண்டையும் எடுத்துக்கொண்டு ராமமூர்த்தி மேனேஜர் ரூமுக்குப் போனார். மேனேஜர் முதலில், அப்போ அந்த இருபத்து மூணையும் டேபிளுக்கு அனுப்பு என்றாராம். அனுப்பலாம் சார், அடுத்த மாசம் கப்பலுக்கு யார் தைக்கிறது என்று இவர் கேட்டிருக்கிறார். கூடவே சம்பூர்ணத்தின் இரண்டு வருஷத்துச் சரக்கில் ஒரு ஜோடிகூடத் திரும்பி வராததையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். மேனேஜர் கெட்டவர் இல்லை, கம்பெனிக்காரர். அவர் மூளை உடனே வேறு பக்கம் ஓடியது. சம்பூர்ணத்தைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடியை எல்லோருக்கும் கம்பெனியே வாங்கிக் கொடுத்தால் எல்லோரும் எண்பத்தைந்து தைப்பார்களா என்று கேட்டார்.

அந்த ரூமில் சம்பூர்ணம் அதற்கு முன்னால் நுழைந்ததே இல்லை. மேஜைக்கு நேராகப் போய் நின்று சொன்னாள்.

"தெப்பாங்க சார். ஆனா அத போர்டுல எழுதக் கூடாது. வேணும்ன்றவ மாட்டிக்கட்டும், வேணாம்ன்றவளுக்கும் மெஷின் இருக்கணும். போர்டுல மனுஷிக்கு உண்டானத எழுதுங்க. அதுக்கு மேல தெக்கிறது அவ அவ இஷ்டம்."

அப்படி எழுதினா எவ மாட்டிப்பா என்று மேனேஜர் சிரித்தார். இருபத்து மூணு பேரு சார், ஊசிக் காத மறுபடி பாக்கறதுக்காகவே மாட்டிப்பாங்க என்றாள் சம்பூர்ணம். அவர் சிரிப்பு நின்றது. அவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது, எதிரில் கிடந்த தாளைக் கையை நீட்டித்தான் பிடித்திருந்தார்.

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் சம்பூர்ணம் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்தாள். நூல் அறுந்தபோது அவள் தட்டுவதற்கு முன்னாலேயே செல்லம்மாளின் கை வந்து கோத்துவிட்டுப் போனது. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. புதன்கிழமை மேனேஜரே ஹாலுக்கு வந்தார். கண்ணாடி வேண்டியவர்கள் பெயர் கொடுக்கலாம், சர்தார் பாஷா மெட்ராஸிலிருந்து லென்ஸ் வரவழைத்துக் கட்டிக் கொடுப்பார், யாருக்கும் இனிமேல் கண்ணுக்காக ரெஸ்ட் கிடையாது என்றார். டார்கெட் பழையபடி அறுபது. கங்கம்மாளும் அக்தரி பேகமும் பசைக் கையோடு டேபிளை விட்டு வந்து தங்கள் மெஷினில் உட்கார்ந்தார்கள். அக்தரி பேகம் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அப்படியே மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பெயர் கொடுத்தவர்கள் இருபத்தாறு பேர். கணக்கில் வராத மூன்று பேர் அந்தச் சனிக்கிழமை ராமமூர்த்தியையும் ஏமாற்றியிருந்தார்கள். உனக்கு வேணாமா என்று செல்லம்மாளைக் கேட்டதற்கு, எனக்கு என் கண்ணு போதும், அறுபது தெச்சிட்டு நான் போய்க்கினே இருப்பேன் என்றாள் அவள். சம்பூர்ணத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், மூன்று வாரத்துக்குப் பிறகு. சம்பூர்ணத்துக்கு அது போதுமாக இருந்தது.

ராமமூர்த்தி போர்டைத் துடைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். சம்பூர்ணம் தன் இடத்திலிருந்து எழுந்தாள்.

"சாக்பீஸ் வேணாம் சார். பெயிண்ட்ல எழுதுங்க."

ஹால் கொல்லென்று சிரித்தது. ராமமூர்த்தி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார், அப்புறம் தலையை ஆட்டினார். லாரிகளுக்கு நம்பர் எழுதுகிற ஆளை ரோட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். அந்த ஆள் ஏணிமேல் ஏறி, வெள்ளைப் பெயிண்டில் ஆறும் பூஜ்யமும் இரண்டு கோட் போட்டு எழுதினார். அறுபத்து நான்கு பேரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள், யாரும் அதட்டவில்லை.

மறுநாள் காலை, பெயிண்ட் வாடை போவதற்குள் சம்பூர்ணம் சூப்பர்வைசர் மேஜையில் இருந்த தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் அறுபது முடித்த செல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, வர்றேன்கா என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து போனாள். அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்து அன்று சம்பூர்ணம் தொண்ணூற்றெட்டு ஜோடி தைத்தாள். போர்டை யாரும் தொடவில்லை.